அடித்த கடைசி வரி

டீ போடும்போது கோப்பையில் பாலை முதலில் ஊற்றுவதுதான் என் பழக்கம். அதை வைத்தே டென்னி மேடையில் பத்து நிமிடம் என்னை வாருவான். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நிற்பேன். பத்தொன்பது வருடமாக, கடலுக்குள் நீளும் அந்தப் பாலத்தின் மேல் இருக்கிற அரங்கில், இன்ஸ்பெக்டர் ஐயா, அவன் சிரிக்க வைப்பவன், நான் எடுத்துக் கொடுப்பவன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். புதிய வேடிக்கை எதையும் அவன் தட்டச்சு செய்து என் டீ கெட்டிலுக்கு அடியில் வைப்பான். சிரிப்பு வரும் இடத்தில் நான் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவேன், தொய்கிற வரியை அடிப்பேன். அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம்.

மனைவி மோய்ரா விட்டுப் போன பிறகுதான் அவன் உச்சத்துக்குப் போனான். காலிப் படுக்கையைப் பற்றி அவன் ஆரம்பித்தால் ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இறங்கி வந்ததும் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுவான். போன வருடம் டாக்டரிடம் மாத்திரை வாங்கினான். தூங்கினான், சாப்பிட்டான், நன்றாக இருந்தான். அரங்கில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. அறுநூறு பேர் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதை நீங்கள் மேடையிலிருந்து பார்த்ததில்லை. அவன் இல்லாவிட்டால் நான் வெறும் உம்மணாமூஞ்சி.

"மாத்திரைதாண்டா உன் சிரிப்பைத் தின்னுது. சீசன் முடியிற வரைக்கும் நிறுத்திரு" என்றேன்.

"பயமா இருக்கு வில்ஃப். மறுபடி அந்தக் குழியில விழுந்துடுவேன்."

"நான் இருக்கேன்ல."

நிறுத்தினான். சிரிப்பு திரும்பி வந்தது.

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு முன் கெட்டிலுக்கு அடியில் ஒரு தாள். கையால் எழுதியிருந்தான். காட்சி முடிந்ததும் பாலத்தின் கோடிக்கு நடக்கப்போகிறேன், திரும்ப மாட்டேன் என்று ஆரம்பித்திருந்தான். 'என் சவப்பெட்டியைத் தூக்க மோய்ராவோட புதுப் புருஷனைக் கூப்பிடு, அவனுக்கு ஏற்கெனவே இடுப்புப் பிடிப்பு.' கடைசி வரி: 'வில்ஃப், வந்து என்னைப் பிடிச்சு நிறுத்து.'

வாயைத் திறந்தால் டாக்டர் வருவார், மாலைக் காட்சி ரத்தாகும், மறுபடி மாத்திரை, மறுபடி அந்த இருமல் சத்தம். பென்சிலை எடுத்து மூன்று வட்டம் போட்டேன். கடைசி வரியை அடித்து, 'முடிவு தொய்கிறது' என்று ஓரத்தில் எழுதினேன்.

அவன் படித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

காட்சி முடிந்தது. அவன் வெளியே போனான். நான் டீ போட்டேன், பாலை முதலில் ஊற்றினேன்.

கடலிலிருந்து அவனை எடுத்தபோது உங்களுக்குக் கிடைத்த தாள் அதுதான். வேடிக்கை என்று நினைத்ததாக நேற்று சொன்னேன். இல்லை. வேடிக்கையை அவன் ஒருநாளும் கையால் எழுதியதில்லை. எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மாலைக் காட்சியில் நான் தனியாக மேடையேறி அந்தத் தாளில் இருந்ததை மனப்பாடமாகச் சொன்னேன். வட்டம் போட்ட மூன்று இடத்திலும் சிரித்தார்கள். அடித்த வரியைச் சொல்லவில்லை. அது இல்லாமல்தான், ஐயா, நன்றாக இருந்தது.