உதட்டை அசைக்கக் கூடாது

உங்கள் காத்திருப்பு அறை எனக்குப் பிடித்திருக்கிறது, டாக்டர். நாற்காலி முதுகைக் குத்தவில்லை. டிவி இல்லை. ஒரு மீன் தொட்டி மட்டும் இருக்கிறது. மீன்கள் ஓயாமல் வாயைத் திறந்து மூடுகின்றன, ஒரு சத்தமும் வருவதில்லை. எல்லோரும் இப்படி இருந்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீங்கள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

நீங்கள் கேட்டது சாதாரணக் கேள்விதான். "எடுக்கறதுக்கு அவங்க உதட்டு மேல முடியே இல்லைங்க. சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க, அழறாங்க. லேசர் வெச்சே ஆகணுமாம். வெந்த தோல் மேல லேசர் பட்டா தழும்பு நிரந்தரமா நின்னுடும். முடி இருக்குன்னு முதல்ல யாரு பார்த்துச் சொன்னது?"

நான்தான்.

உள்ளே உதட்டுக்கு மேல் மருந்தோடு படுத்திருப்பவள் என் தம்பி மனைவி. மருந்து ஊறும்வரை பேசக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நமக்கு நேரம் இருக்கிறது. விவரமாகவே சொல்கிறேன். எனக்கு மறைக்கத் தெரியாது.

நான் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை. மற்ற நேரத்தில் படிப்பேன். தம்பியும் நானும் இருந்த வீட்டில் சாயங்காலம் என்றால் பக்கம் புரளும் சத்தம்தான் கேட்கும். அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. சாப்பிட வா என்றுகூடச் சொல்வதில்லை. தட்டு வைக்கும் சத்தம் கேட்டால் வந்துவிடுவான். அப்படி ஒரு வீட்டுக்கு அவள் வந்தாள்.

நல்ல பெண். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையில் வாஷிங் மெஷினையும் வாக்குவம் க்ளீனரையும் ஓட்டிக் காட்டுவது அவள் வேலை. மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசிக் குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தும் எங்களுக்கு எதையோ விற்பது போலவே பேசுவாள். கடையில் ஒருவர் துணிக்குப் பதிலாகத் தன் தொப்பியை மெஷினுக்குள் போட்டுப் பார்த்ததைச் சொல்வாள். சொல்லி முடிக்கும் முன்பே சிரிப்பாள். வாய் முழுக்கத் திறந்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரிப்பாள். அடுத்த அறையில் நான் படித்துக்கொண்டிருந்த வரி காணாமல் போய்விடும். தம்பியும் கூடச் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தான். அவனுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் எதையோ சொல்லிச் சிரித்தாள். நான் அவளுடைய மேலுதட்டையே பார்த்தேன். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தேன், அவ்வளவுதான்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல."

"முகத்துல ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்லம்மா. வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும்."

"எப்படி விழுந்திருக்கும்? சொல்லுங்க அண்ணி."

"விடு. நீ சொல்லு, அந்தத் தொப்பிக்காரர் அப்புறம் என்ன பண்ணார்?"

அவள் மேலே சொல்லவில்லை. எழுந்து கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். வீடு அமைதியாக இருந்தது. நான் முப்பது பக்கம் படித்தேன். அவ்வளவு நல்ல ஞாயிறு எனக்கு அமைந்து வெகு நாளாகியிருந்தது.

இரவு அவள் தம்பியிடம் கேட்டிருக்கிறாள். அவன், "எனக்கே மீசை சரியா வரல, வீட்டுல ஒருத்தருக்காவது வரட்டுமே," என்றானாம். அவனைக் கிண்டல் பண்ணச் சொன்னது நான் இல்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவளே என்னிடம் வந்தாள். படித்தவள், எல்லாம் தெரிந்தவள் என்று என்மேல் அவளுக்கு மரியாதை. "எதால எடுக்கலாம் அண்ணி? நீங்களே சொல்லுங்க." பொறுப்பான கேள்வி. நானும் பொறுப்பாகவே யோசித்தேன்.

ரேஸரை முதலில் ஒதுக்கினேன். ஷேவ் பண்ணினால் அடர்த்தியாக வளரும் என்று எல்லோரும் சொல்வதையே அவளிடம் சொன்னேன். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கே பிழை திருத்தியிருக்கிறேன். ஆனால் ரேஸர் வேலை சட்டென்று முடிந்துவிடும். அதுவும் பேசிக்கொண்டே செய்வாள். நூலால் முடி எடுக்கும் த்ரெட்டிங்கின்போது நாக்கை மேல் உதட்டுக்குள் முட்டுக்கொடுத்து வைத்திருக்க வேண்டும், பேச முடியாது. ஆனால் அது பார்லரில் நடக்கும் அமைதி. எனக்கு அதனால் என்ன பிரயோஜனம்? போதாததற்கு அங்கே கேட்ட கதைகளையும் சேர்த்துக்கொண்டு வருவாள். முடியைப் பிடுங்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. அவளைவிட அது அதிகம் பேசும்.

முடி நீக்கும் க்ரீம்தான் சரி என்று பட்டது. டப்பாவிலேயே போட்டிருந்தது: பூசியபின் உதட்டை அசைக்கக் கூடாது.

வாராவாரம் நானே பூசிவிட்டேன். அவள் சோபாவில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வெள்ளை மீசையோடு பார்க்க வேடிக்கையாக இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். நேரம் பார்ப்பது என் பொறுப்பு. அந்த மாதிரி ஓர் அமைதியை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள், டாக்டர். தனியாக இருந்தால் அமைதி சும்மா கிடைத்துவிடும். பேசத் துடிக்கும் ஒருத்தி பக்கத்தில் பேசாமல் இருக்கிறாளே, அதற்கு ஒரு கனம் உண்டு. அந்த நேரங்களில்தான் எனக்கு அவள்மேல் உண்மையான பிரியம் வந்தது.

பிறந்த நாளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். சுற்றிலும் விளக்கு வைத்தது, முகத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. அதில் யார் பார்த்தாலும் கரடிக்குட்டிதான். நானும் பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை. அவள் அதற்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார ஆரம்பித்தாள். சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, கையைத் தூக்குவது சிரமமாகிவிட்டதோ என்னவோ, சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். கடையில் தன்னைப் பின்பக்கக் கிடங்குக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அங்கே பெட்டிகளை எண்ணி வைத்தால் போதும், யார் முகத்துக்கு முன்னாலும் நிற்க வேண்டியதில்லை. தம்பி என்னிடம் வந்து, "அக்கா, இவளுக்கு என்னக்கா ஆச்சு? வீடே ஒரு மாதிரி இருக்கு," என்றான். வீடு பழையபடி இருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லையே.

அந்தக் காயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். க்ரீம் நேரம் கூடிவிட்டது, ஞாபக மறதி என்று அவள் சொல்லியிருப்பாள். நான் அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தேன். நடந்தது வேறு. அன்றைக்கு நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் கடைசிக்கு முந்தைய அத்தியாயம். நேரம் ஆனது எனக்குத் தெரியும். அவள் விரலை உயர்த்தி, போதுமா என்று கேட்டாள். நான் உள்ளங்கையைக் காட்டினேன்: இரு. கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. மறுபடி விரலை உயர்த்தினாள். மறுபடி கையைக் காட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை, டாக்டர். நான் சொன்னேன் என்பதற்காக உதட்டை அசைக்காமலே இருந்தாள். இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. முடித்துவிட்டுத்தான் துடைத்தேன்.

நாவலின் முடிவு சுமார்தான்.

லேசர் யோசனையும் என்னுடையதுதான். பல தடவை வர வேண்டியிருக்கும், வெயிலில் போகக் கூடாது, வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். நீங்கள் மறுத்தால் போவதற்கு வேறோர் இடமும் விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கே இவ்வளவு கேள்வி கேட்க மாட்டார்களாம். நம்பர் என் கைப்பையில் இருக்கிறது.

நீங்கள் கையை நீட்டுவது தெரிகிறது. இந்தாருங்கள், வைத்துக்கொள்ளுங்கள். நான் பிடிவாதக்காரி இல்லை.

அவள் உதட்டுக்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை. உலகத்தில் எல்லோருக்கும் இருக்கும் பூனைமுடிதான். அதுவும் மற்றவர்களைவிடக் குறைவு. வேண்டுமானால் உள்ளே போய் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால் நம்புவாள். நான் எதைச் சொன்னாலும் நம்புவாள், அதுதான் அவளிடம் இருக்கும் குறை.

வேண்டாமா? நீங்களே சொல்லிக்கொள்கிறீர்களா? என்னை அவள் பக்கத்தில்கூட விட மாட்டீர்களா? சரி. தம்பிக்குப் போன் பண்ணப் போகிறீர்கள் என்றால் அதுவும் சரி. நான் இங்கேயே உட்கார்ந்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனி யாரையும் எதற்கும் தொந்தரவு செய்ய மாட்டேன். எனக்கு யார்மேலும் விரோதம் கிடையாது. பேச்சு கொஞ்சம் குறைந்தால் போதும் என்று நினைப்பவள், அவ்வளவுதான். நீங்கள்கூட இப்போது என்னவோ வேகமாகச் சொல்லிக்கொண்டே வருகிறீர்கள். குரல் உயர்கிறது. கேட்கிறேன், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இல்லை, உங்கள் தாடையைப் பார்க்கவில்லை.

ஒன்றுமில்லை, டாக்டர். வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும்.