மாப்பிள்ளைக்கு ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலி

வைகாசி முதல் திங்கள், காலை ஏழு பத்து. மூக்கண்டப்பள்ளி போகும் டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் கம்பெனிச் சட்டை போட்ட இருவர்.

“அண்ணா, நேத்துலருந்து காதுல குக்கர் விசில் அடிக்குதுண்ணா. இன்னிக்குப் பார்த்து கம்பெனில காது டெஸ்ட்.”

“பெயிலானா தகடு அடிக்கற பிரஸ் ஷாப்ப விட்டே தூக்கிருவாங்களேடா. எங்க போய் நின்ன?”

“ஜவளகிரில மாமனார் ஊர்த் திருவிழா. மாப்பிள்ளை மரியாதைன்னு ஸ்பீக்கர் முன்னாடியே நாற்காலி போட்டுட்டாரு.”

“மெஷின்ல நிக்கறப்ப போடற இயர் பிளக் என்னாச்சு?”

“பாக்கெட்லதான் இருந்துச்சு. ஸ்பீக்கர் செட்டே அவரு உபயம்ணா. அவரு எதிர்ல எப்படிக் காத அடைக்கறது?”

“அவரு எங்க உக்காந்தாரு?”

“என் பக்கத்துலயேதான். கிளம்பறப்ப கால்ல விழுந்தேன். ஆசீர்வாதம் பண்ணக் குனிஞ்சாரு. ரெண்டு காதுலயும் பஞ்சுண்ணா.”