ஹுனைஸ் சேர் திருத்தச் சொன்ன நேரம்

இச்சபைக்குத் தலைமை தாங்கும் டொக்டர் மஸாஹிர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மௌலவி அவர்களே, உடப்பிலிருந்து வந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, முன்வரிசையில் துயரோடு இருக்கும் ஹுனைஸ் சேரின் துணைவியார் றிஸ்மினா ராத்தா, மகள் ரிஃப்கா, பிரசவ விடுதிகளின் தாதியரே, குடும்பநல உத்தியோகத்தர்களே, சிலாபத்திலிருந்து வந்திருக்கும் சிங்களச் சகோதர மருத்துவர்களே, பாலாவிச் சந்தியில் பஸ் மாறி வெயிலில் நடந்து வந்து சேர்ந்திருக்கும் தாய்மாரே! உங்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், ஆயுபோவன்.

நான் கஜலக்ஷ்மி. மகப்பேற்று வைத்திய நிபுணர். எங்கள் கரையோர மகப்பேற்று மருத்துவர் துணைச் சங்கத்தின் செயலாளர். அச்சங்கத்தை உண்டாக்கி, பதினெட்டு வருடம் முதுகில் சுமந்தவர் மர்ஹூம் அல்ஹாஜ் வைத்திய கலாநிதி அஹமட் ஹுனைஸ் அவர்கள். எங்களுக்கு ஹுனைஸ் சேர்.

மூன்று வெள்ளிக்கு முன், அதிகாலை சுபஹுத் தொழுகை முடித்து வந்தவர், மதுரங்குளியில் தன் வீட்டு விறாந்தையில் கதிரையில் சாய்ந்தபடியே போய்விட்டார். அன்றைக்கே ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். எங்களில் பாதிப் பேருக்குப் போக முடியவில்லை. நான் அன்று காலை சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றேன். தாதி வந்து காதில் சொன்னபோது என் கை ஒரு தாயின் வயிற்றுக்குள் இருந்தது. பிள்ளையை எடுத்து, தையல் முடித்து, அடுத்த தாயையும் பார்த்துவிட்டுத்தான் அழுதேன். வரவில்லையே என்று ராத்தா நினைத்திருந்தால், காரணம் இதுதான். சேர் கோபித்திருக்க மாட்டார். விட்டுவிட்டு வந்திருந்தால்தான் ஏசியிருப்பார்.

அன்பர்களே, இங்கே பேசியவர்கள் எல்லோரும் சேர் பார்த்த பிரசவங்களைப் பற்றிப் பேசினார்கள். கற்பிட்டியிலிருந்து உடப்பு வரைக்கும் அவர் கையில் பிறந்தவர்கள் இன்று இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர்! ஆனால் நான் பேச எழுந்தது வேறொன்றைப் பற்றி. பிரசவம் பார்க்கிறவர்களை யார் பார்ப்பது? ஒரு தாய் இறந்துபோனால், அந்தக் குடும்பத்தைச் சுற்றி ஊரே நிற்கும். நிற்கத்தான் வேண்டும். அந்தத் தாயைக் காப்பாற்ற முடியாமல்போன டொக்டரைச் சுற்றி யார் நிற்பது? இதை இந்தக் கரையில் முதன்முதலில் கேட்டவர் ஹுனைஸ் சேர். கேட்டதோடு நிற்காமல் தானே போய் நின்றவரும் அவர்தான்.

அந்தக் கேள்வி இப்போது எங்கள் முன்னால் வந்து நிற்கிறது. வரும் வியாழக்கிழமை எங்கள் இளம் நிபுணர் டொக்டர் ஸப்ராஸுக்கு விசாரணை. அவருடைய அனுமதியோடுதான் பெயர் சொல்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன் அவருடைய பிரசவ விடுதியில் ஒரு தாய் காலமானார். விசாரணைக்குக் கூடவே வருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தவர் ஹுனைஸ் சேர். இனி யார் போவது? இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையைவிட்டு இறங்க எனக்கு உரிமை இல்லை.

சேர் எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு விதிதான் வைத்தார். ஒரு டொக்டரின் பொறுப்பில் ஒரு தாய் இறந்தால், அன்றைய நாள் முடிவதற்குள் இன்னொரு டொக்டர் நேரில் அவரிடம் போயிருக்க வேண்டும். போனில் பேசினால் அது போனதாகாது. ஏன் சேர் என்று நான் ஒருமுறை கேட்டேன். "போன்ல எல்லாரும் நல்லா ஈக்கிறன்னுதான் சொல்லுவாங்க மகள்" என்றார்.

சேர் கார் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த விதியைக் காப்பாற்றுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று! புத்தளம் வீதியில் சீமெந்து லொறிகள் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப் போகும்; சேரின் கார் மாட்டு வண்டிக்கு வழிவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் எந்தத் தாயின் இறப்புக்கும் அவர் பிந்திப் போனதில்லை. லீவு கிடைக்காமல் தவித்த டொக்டர்மாருக்காக, ஓய்வு பெற்ற பிறகும், அறுபத்தெட்டு வயதில், விடுதியில் வந்து நின்றார். "நான் வார்ட்டப் பாக்கிறன், நீங்க போய் மகன்ட முகத்தப் பாருங்க" என்று என்னையே இரண்டு தடவை வீட்டுக்குத் துரத்தியிருக்கிறார்.

அப்படியானால் இது டொக்டர்மாரின் குற்றத்தை மறைக்கிற சங்கமா? அப்படித்தான் பலர் சொன்னார்கள். பத்திரிகையிலும் எழுதினார்கள். அதற்கு நான் என் சொந்தக் கதையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாக எந்தச் சபையிலும் சொல்லாத கதை. என் மாணவர்களுக்குத் தெரியாது. சங்கத்தில் தலைவருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது நான் ஒரு சிறிய வைத்தியசாலையில் தனி ஒரு நிபுணர். அதன் பெயர் வேண்டாம். உடப்பிலிருந்து ஒரு தாய் மூன்றாவது பிரசவத்துக்கு வந்தார். பின்னேரம் மூன்றரைக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நல்ல பிள்ளை. கால் மணித்தியாலத்தில் தாய்க்கு இரத்தப்போக்குத் தொடங்கியது. அந்த நேரம் நான் இன்னொரு தாய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தேன். அதைப் பாதியில் விட்டுவர முடியாது. முடித்துக்கொண்டு ஓடி வந்து இரத்தம் கேட்டபோது நேரம் நாலு இருபது. எங்களிடம் அந்த வகை இரத்தம் இருக்கவில்லை. வேறு ஊரிலிருந்து வாகனம் வர ஆறு மணி தாண்டிவிட்டது. ஆறேகாலுக்கு அந்தத் தாய் போய்விட்டார்.

என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவசரம் நடக்கும்போது யாரும் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுவதில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து நேரங்களை எழுதுவோம். நானும் எழுதினேன். நாலு இருபது என்று சரியாகத்தான் எழுதினேன். பிறகு அதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பயம் வந்தது. பேனாவை எடுத்து, அதை மூன்று ஐம்பது என்று மாற்றினேன்.

ஓம். மாற்றினேன்.

ஏழரை மணிக்கு ஹுனைஸ் சேர் வந்து சேர்ந்தார். எனக்கு அவரை அவ்வளவாகப் பழக்கமில்லை. பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளேன்டீ வரவழைத்து என்னைக் குடிக்க வைத்தார். அதன் பிறகு பதிவுத்தாளை வாங்கி வாசித்தார். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"மகள், இந்த நேரம் யார் எழுதினது?"

"நான்தான் சேர்."

"முதல்ல எழுதினது என்ன?"

நாலு இருபது என்றேன். சேர் குரலை உயர்த்தவில்லை. "மூணு அம்பதுக்கு நீங்க தியேட்டர்ல. தியேட்டர்ப் புத்தகத்துல ஈக்கும். நீங்க ஒரே ஆள், ரெண்டு தாய். உங்களுக்கு இருந்த ஒரே நியாயம் அதுதான். அத நீங்களே அழிச்சிட்டீங்களே மகள்" என்றார்.

அன்பர்களே, என் மேல் வழக்குப் பேச வந்த எவருக்கும் தெரிந்திராத உண்மை அது. எனக்கே தெரிந்திருக்கவில்லை! பிறகு சேர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "நேரத்த மாத்தினா அந்த அரை மணித்தியாலம் காணாமப் போகாது. இன்னொருத்தர்ட தலையில போய் விழும். இரத்தம் அனுப்பின பொடியன்ட தலையில விழும். அவன் பிந்தினான்னு எழுதுவாங்க. நான் உங்களுக்காகப் பேச வந்தவன். உங்கட பொய்க்காகப் பேச எனக்கு ஏலா."

என்ன செய்ய வேண்டும் என்றும் அவரே காட்டினார். சுரண்டக் கூடாது, கிறுக்கக் கூடாது. பிழையான நேரத்தின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது எவருக்கும் வாசிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான நேரம். மாற்றியது யார், எப்போது, ஏன் என்று ஒரு வசனம். கையெழுத்து. 'பயத்தினால் மாற்றினேன்' என்று எழுத என் கை வரவில்லை. "எழுதுங்க" என்றார். எழுதினேன்.

விசாரணையில் மூன்று மணித்தியாலம் என் பக்கத்தில் இருந்தார். என் பிழையை முதலில் சொல்ல வைத்தார். அதன் பிறகு அவர் எழுந்தார். சிங்களத்தில் பேசினார். ஒரு நிபுணரை வைத்துக்கொண்டு இரண்டு தாயை ஒரே நேரத்தில் பார்க்கச் சொன்னது யார்? இரத்தம் இல்லாத இடத்தில் பிரசவ விடுதி நடத்தச் சொன்னது யார்? இந்தப் பெண்ணைத் தண்டித்துவிட்டால் அடுத்த தாய்க்கு இரத்தம் வந்துவிடுமா? பதிவை மாற்றியதற்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதையும் சேர் தடுக்கவில்லை. ஒன்பது மாதத்தில் அந்த வைத்தியசாலைக்கு இரண்டாவது டொக்டரும் வந்தார், இரத்தம் வைக்கக் குளிரூட்டியும் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடிதத்துக்காக நான் சேரோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. அவர் பேசியிருந்தால் அது வராமல் இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் காலை கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. "உடப்புக்குப் போவோம், வாங்க" என்றார். வேண்டா வெறுப்பாக ஏறினேன்.

அந்தத் தாயின் கணவர் தவச்செல்வன் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சேர் அவரிடம், "மன்னிக்கச் சொல்லிக் கேக்க வரல்ல தம்பி. நடந்தத இவங்க சொல்லுவாங்க, நீங்க கேக்கோணும், அவ்வளவுதான்" என்றார். சொன்னேன். நேரத்தை மாற்றியதையும் சொன்னேன். அரை மணித்தியாலம் முந்தி இரத்தம் கேட்டிருந்தால் மனைவி பிழைத்திருப்பாரா என்று கேட்டார். தெரியாது என்றேன். இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தவச்செல்வன் வலையைக் கீழே வைத்துவிட்டு, "கடைசியில என்னத் தேடினாவா டொக்டர்?" என்று கேட்டார். ஓம், தேடினா, பிள்ளை பால் குடிச்சிதா எண்டும் கேட்டவ என்றேன். அவ்வளவையும் அந்த மனிதருக்கு அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. விசாரணை நடந்தது, அறிக்கை வந்தது, அவருக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

தவச்செல்வன் இன்று மகள் மதுசாவோடு இந்த மண்டபத்தில் இருக்கிறார். சேருக்காக வந்திருக்கிறார். குற்றத்தை மறைக்கிற சங்கமா என்று கேட்டவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சேர் எல்லோருக்காகவும் போனார் என்றும் நான் சொல்ல மாட்டேன். உண்மையை எழுத மறுத்த ஒரு பெரிய டொக்டரிடம், "அப்ப நான் வரல்ல" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தவர் அவர். சொந்த மச்சான் முறையானவர் அந்த டொக்டர். குடும்பத்தில் அதனால் எவ்வளவு கரைச்சல் வந்தது என்று றிஸ்மினா ராத்தாவுக்குத்தான் தெரியும்.

இப்போது வெட்கமான ஒரு விடயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை எங்கள் சங்கத்தின் செயற்குழு கூடியது. ஸப்ராஸோடு யார் போவது என்று தலைவர் கேட்டார். ஒருவருக்குக் கிளினிக். ஒருவருக்குக் கொழும்பில் வேலை. மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். அந்த மேசையை அதிக நேரம் பார்த்தது நான்தான். வியாழக்கிழமை எனக்குச் சத்திரசிகிச்சை நாள் என்றேன். என் இடத்தில் நிற்க ஆள் இல்லையா? இருக்கிறார். பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? அங்கே போய் உட்கார்ந்தால் என் கோப்பும் திறக்கும். 'பதிவை மாற்றி எச்சரிக்கை வாங்கிய நீங்களா இவருக்காகப் பேச வந்தீர்கள்?' என்று கேட்பார்கள். அந்தப் பயம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பேனாவைத் தூக்க வைத்த அதே பயம்! சேர் உயிரோடு இருந்த காலமெல்லாம் அவர் நிழலில் நான் தைரியசாலியாக இருந்திருக்கிறேன். நிழல் போனதும் என் தைரியம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது.

அதன் மறுநாள் ஸப்ராஸ் என்னிடம் வந்தார். கையில் பதவி விலகல் கடிதம். வெளிநாட்டில் வேலை தயாராக இருக்கிறதாம். விசாரணைக்கு நிற்காமலே போய்விடப் போகிறாராம். "தனியப் போய் நிக்க ஏலா மெடம்" என்றார். அவர் போனால் அந்த விடுதி மூடப்படும். அங்கே வருகிற தாய்மார், வலியோடு, இன்னும் நாற்பது மைல் போக வேண்டும். நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன்? யோசித்துச் செய்யுங்கள் என்றேன். அதுவும் ஒரு பதிலா!

அதனால்தான் இந்தக் கதையை இன்று, இத்தனை பேர் முன்னால் சொன்னேன். இனி என் கோப்பைத் திறந்து காட்டி என்னைப் பயப்படுத்த எவருக்கும் வழி இல்லை. கேட்டால் சொல்வேன்: ஓம், மாற்றினேன். மாற்றியதை நானே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அதை எழுத வைத்தவர் பெயர் ஹுனைஸ்.

சேரின் பெயரில் மண்டபம் கட்டுவோம், விருது வைப்போம் என்று இங்கே தீர்மானங்கள் வாசித்தார்கள். செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. சங்கத்தின் செயலாளராக நான் இந்தச் சபையில் ஏற்கிற பொறுப்பு ஒன்றுதான். இந்தக் கரையில் எந்த டொக்டருக்கு அந்த நாள் வந்தாலும், அது முடிவதற்குள் எங்களில் ஒருவர் அங்கே நிற்பார். இறந்த தாயின் வீட்டு வாசலுக்கும் போவோம். வர மறுக்கிற செயற்குழு உறுப்பினர் பதவியை விட்டு இறங்கட்டும். முதல் ஆளாக என்னையே இறக்கலாம்.

டொக்டர் ஸப்ராஸ், நீங்கள் பின்கதவோரம் நிற்பது எனக்குத் தெரிகிறது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். நடந்ததை நடந்தபடி எழுதி எடுத்து வையுங்கள்; உங்கள் பிழை இருந்தால் அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவேன். நான் சேரைப் போல மெதுவாக ஓட்டுகிறவள் இல்லை, ஆயத்தமாக நில்லுங்கள்.