அவள் வாயில் என் வாக்கியங்கள்

அந்தக் கண்ணாடியை நான்தான் துடைப்பேன். துப்புரவுக்கு ஆள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் துடைத்தால் கோடு கோடாக நிற்கும். இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற எனக்குத்தான் கண் வலிக்கும். விளையாட்டு அறையில் இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. எனக்கு ஜன்னல்.

என் வேலை என்னவென்று முதலில் புரிந்துகொள்ளுங்கள் சார், இல்லாவிட்டால் என்னைத் தப்பாக எடை போட்டுவிடுவீர்கள். பிள்ளையை அடித்தவர்கள், கவனிக்காமல் விட்டவர்கள் எங்கள் மையத்துக்கு வருவார்கள். பிள்ளையும் கூட வரும். இருவரையும் உள்ளே விளையாட விட்டு, பெற்றவர் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிடுவோம். நான் மைக்கில் சொல்லச் சொல்ல அவர்கள் பேச வேண்டும். "நீ கட்டின வீடு அழகா இருக்குன்னு சொல்லுங்க." "தள்ளிவிட்டா கோபப்படாதீங்க, கொஞ்ச நேரம் வேற பக்கம் பாருங்க." திட்டிப் பழகிய வாய்க்கு நல்ல வார்த்தை தானாக வராது, கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொல்லித்தர வேண்டும். பதினாறு வருடமாகச் சொல்லித்தருகிறேன்.

அவள் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள். மகளுக்கு ஐந்து வயது. ஒரு நாள் ஆத்திரத்தில் பிள்ளையைத் தரதரவென்று இழுத்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிள்ளையைப் பிரித்துக் காப்பகத்தில் வைத்தார்கள். 'எந்தக் காரணம் கொண்டும் மணிக்கட்டைத் தொடக்கூடாது' என்று கோப்பின் முதல் பக்கத்தில் எழுதியது நான்தான். முதல் வாரம் பிள்ளை மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. அம்மாக்காரி கண்ணாடியைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் வரல மேடம், நீங்களே சொல்லுங்க" என்று அழுதாள். சொன்னேன்.

ஒன்பதாவது வாரம் பிள்ளை அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, காதோடு கன்னத்தை வைத்து உரசிவிட்டு ஒரு முத்தம் கொடுத்தது. அதற்கு முன்னால் அவள் பேசிய வாக்கியம் என்னுடையது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எல்லாம் நான் சொன்னது. முத்தம் அவளுக்கு. வயிறு எரிந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "நீ டப்பிங் பேசுறவ. கைதட்டல், திரையில தெரியுற மூஞ்சிக்குத்தான்" என்று சிரித்தார். எங்கள் மகன் ஃபோன் செய்தால் அவரோடுதான் பேசுவான்; என்னிடம் கொடுக்கச் சொல்ல மாட்டான்.

அதையும் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். பதினான்காவது வாரம் பிள்ளை அடுக்கிய கோபுரம் சரிந்தது. நான் மைக்கை அழுத்துவதற்குள் அவளே, "அடடா, கோபுரத்துக்குத் தூக்கம் வந்துடுச்சுடி செல்லம், படுத்துக்கிச்சு" என்றாள். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. என் வாக்கியம் எதற்கும் அது அப்படிச் சிரித்ததில்லை. வெளியே வந்தவள் கருவியைக் கழற்றிக் கொடுத்து, "இன்னிக்கு இது காதுல இருக்கிறதே மறந்துபோச்சு மேடம்" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக. பாக்கி ஒரே ஓர் அமர்வு. அதன் காமிராப் பதிவைக் குழந்தைகள் நலக் குழு பார்த்ததும் பிள்ளையை அவளோடு அனுப்பிவிடுவார்கள். சொல்லித்தர ஆளில்லாத வீட்டில் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

கடைசி அமர்வு. பொம்மைகளை எடுத்து வைக்கும் நேரம். பிள்ளை அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு குதிரையை மட்டும் தரமாட்டேன் என்றது. வழக்கமாக மூன்று எண்ணும் வரை பொறுக்கச் சொல்வேன். அன்று, "கையைப் பிடிங்க" என்றேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். "பிடிக்கணுமா?" என்றாள்.

"மணிக்கட்டைப் பிடிங்க. அழுதா இன்னும் இறுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் விட்டுடாதீங்க" என்றேன். என் குரல் உயரவில்லை. என்றைக்கும் பேசுவது போலத்தான் பேசினேன், அதனால்தான் அவள் செய்தாள். பிள்ளை வீறிட்டது. அவளும் அழுதுகொண்டே பிடித்திருந்தாள். நாற்பது விநாடி கழித்துப் போதும் என்றேன். அதற்கு முன் அவள் விடவில்லை.

காமிராவில் அறைச் சத்தம் மட்டும்தான் பதிவாகும், காதுக்குள் போவது பதிவாகாது. "பிடிக்கணுமா என்று யாரைக் கேட்டாள்?" என்று குழுவில் கேட்டார்கள். நான் வழக்கம்போல மூன்று எண்ணத்தான் சொன்னேன், அவளுக்குத் தனக்குத்தானே பேசிக்கொள்கிற பழக்கம் உண்டு என்றேன். நடைவழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேற என்னமோ சொல்லியிருப்பீங்க. பதட்டத்துல நான்தான் தப்பா கேட்டுட்டேன், இல்லையா மேடம்?" ஆமாம் என்றேன். பிள்ளையை அவளிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்தார்கள். வளர்ப்புத் தாயாக இருக்க மறுநாளே நான் விண்ணப்பம் கொடுத்தேன்.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். மடியில் இருக்கிற பிள்ளைக்கு அம்மா காதில் ஒலிப்பது கேட்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "அம்மா செய்யல, அம்மா காதுல இருக்கிற ஆன்ட்டிதான் சொன்னாங்க" என்று காப்பகத்தில் அது சொல்லிக்கொண்டே இருந்ததாமே. ஆறு பெண்களின் குரலை ஒவ்வொன்றாகப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டியதாகச் சொல்கிறீர்கள். என்னுடையது வந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது என்கிறீர்கள். உங்களுக்கு அது சாட்சி. எனக்கு, அந்தப் பிள்ளை என் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டது என்பதுதான் பெரிது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள் சார். அந்த ஆறில் பிள்ளையின் அம்மா குரலும் இருந்ததா?