மலை உச்சியில் கூப்பிட

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய கோடை. மதுரை ரயிலடியில் டிக்கெட் வாங்க நின்றபோது, எனக்கு முன்னால் நடுவயதுக் கணவனும் மனைவியும் ஊட்டிக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மேட்டுப்பாளையத்துல காலையில மலை ரயில் ஏறினா மத்தியானம் உச்சிக்குப் போயிரலாம். சாயங்காலமே இறங்கிரணும். அந்தக் கொஞ்ச நேரத்துல அங்க என்ன செய்யப் போற?" என்று கேட்டார் அவர்.

"உங்க பேரைச் சொல்லி ஒருதரம் சத்தமாக் கூப்பிடணும்" என்றாள் அந்த அம்மாள்.

அவர் திகைத்துப் போனார். "புருசன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு உங்க ஆத்தா சொல்லலையா?"

"சொன்னாக. அதான் கல்யாணம் ஆனதுலேருந்து வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன். அம்புட்டு உசரத்துல, சாமிக்குப் பக்கத்துல நின்னு சொன்னா ஆயுசு கூடத்தான் செய்யும்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, கூப்பிடு. நானும் உன்னையக் கூப்பிடுறேன். 'இந்தா, இந்தா'ன்னே இம்புட்டு வருசத்தை ஓட்டிட்டேன்."

"என் பேரு ஞாபகம் இருக்கா?"

"செல்லத்தாயீ!"

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"மலை வரைக்கும் பொறுக்க முடியலையாக்கும்?"