அண்ணன் பக்கத்து மரங்கள்

ஜன்னலைத் திறந்து வைத்தது நல்லதாகப் போயிற்று, ஐயா. வெளியிலேயே வேலை செய்து பழகியவனுக்கு அடைத்த அறையில் மூச்சு முட்டும். அவசரமில்லை என்றால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

காடு அப்பா விட்டுப் போனது. நடுவே ஓர் ஓடை. மேல்பக்கம் அண்ணனுக்கு, கீழ்ப்பக்கம் எனக்கு. பூச்சி வரும் வரை எங்களுக்குள் மனஸ்தாபமே இருந்ததில்லை. எங்கிருந்தோ வந்த வண்டு அது, பட்டைக்கடியில் குடையும். உச்சிக்கிளை காய்ந்து, அடிமரத்தில் மாவு மாவாகத் தூள் கொட்டினால் அந்த மரத்தின் கதை முடிந்தது. வனத்துறை அதிகாரி காட்டுக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, பிடித்த மரத்தையும் சுற்றியுள்ளவற்றையும் வெட்டி எரிக்கச் சொன்னார். சொந்தக் காடு என்பதால் கட்டாயப்படுத்த முடியாதாம்.

நான் வெட்டினேன். நல்ல மரங்களையும் சேர்த்தே வெட்டினேன். அண்ணன் மறுத்துவிட்டார். தாக்குப்பிடிக்கிற மரம் ஒன்றிரண்டு இருக்கும், அதன் விதைதான் நாளைக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. அண்ணி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், மரங்களைக் கண்காணிக்கக் காட்டுக்குள்ளிருந்த பலகை வீட்டிலேயே தங்கிவிட்டார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் அவரால் எழுந்திருக்கக்கூட முடியாது.

கடைசியாகப் பேசிப் பார்க்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"வெளியூர்ல இருந்து விறகு இறக்கினியே, அதுலதான்டா வந்திருக்கு. உன் கொட்டகையில தூளைப் பார்த்தேன். அதிகாரி கேட்டப்போ நான் வாயைத் திறக்கல. விடு, இனிமே இதைப் பேச வேண்டாம்."

தலையாட்டினேன். டீ போட்டுக் கொடுத்தார், குடித்தேன்.

அவர் சொன்ன சொல் மாறாதவர். யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டார். ஆனால் அவருக்குத் தெரியுமே, ஐயா. ஒவ்வொரு மரம் காயும்போதும் என்னைப் பார்ப்பார். அன்பாகத்தான் பார்ப்பார்.

மறுநாள் மதியம் காற்று என் பக்கமிருந்து மேலே அடித்தது. நீங்கள் கேட்க வருவது புரிகிறது. அவர் உள்ளே இருந்தது தெரியும். எட்டிப் பார்த்தேன், அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஊன்றுகோலை எடுத்து வெளியே வைத்தேன். கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு கூப்பிடு தூரத்திலிருந்த ஓடைக்கு இறங்கி வந்து பற்றவைத்தேன். வண்டு அரித்துக் காய்ந்த மரங்கள், உடனே பிடித்துக்கொண்டன.

விழித்ததும் கட்டிலோரத்து ஜன்னல் வழியே என்னைப் பார்த்திருக்க வேண்டும். அவர் உதவிக்குக் கூப்பிடவில்லை. "தம்பி, தீடா. நீ ஓடிப் போயிடு," என்றார். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மற்ற காட்டுக்காரர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது ஒருவர் துணிந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. காட்டுக்காகத்தான் செய்தேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த விறகு விஷயத்தை மட்டும் அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள்.