மேஜைக்கு அடியில் அருமைநாயகம் சார்

பிரசங்கத்துல மேல போறதுக்கு முன்னாடி ஒரு குட்டிச் சம்பவம் சொல்றேன், கேட்டுக்கோங்க. பின்னாடி வரிசையில கண்ணைச் சொருகுறவங்களும் கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க... இது உங்களுக்கும்தான்!

பாளையங்கோட்டையில எனக்குத் தெரிஞ்ச ஒரு சார். பேரு அருமைநாயகம். பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கிறவர். கேள்வி முடியுறதுக்குள்ள பதில் சொல்லிருவார். அப்படி ஒரு வேகம்! அவங்க வீட்டம்மா கிறிஸ்டபெல். ஆஸ்பத்திரியில நர்சா இருந்தவங்க. மகள் பொறந்ததும் வேலையை விட்டாங்க. விட்டு எத்தனை வருஷம்? பதினோரு வருஷம்!

போன வருஷம் ஒரு நர்சிங் காலேஜுல ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் போட்டாங்க. கூப்பிட்டுட்டாங்க! சனிக்கிழமை காலையில பதினோரு மணிக்கு கம்ப்யூட்டர்ல நேர்காணல். கேள்வி கேக்குற மூணு பேரும் மூணு ஊர்ல. இவங்க படமெல்லாம் போட்டு ஒரு பாடம் நடத்திக் காட்டணும். படமெல்லாம் எங்க இருக்கு? வீட்டுக் கம்ப்யூட்டர்ல. ஒயர் மாட்டினாத்தான் அதுக்கு நெட் வரும்.

சனிக்கிழமை ஒன்பதரை மணி. அந்தம்மா புதுப்புடவை கட்டி, கம்ப்யூட்டரைப் போடுறாங்க. நெட் இல்ல!

"என்னங்க... நெட் வரல."

"நேத்து நீ அந்த மேஜையத் துடைச்சியா?"

பாத்தீங்களா? முதல் கேள்வியே அதுதான்! நம்ம வீட்டுல மட்டும் வேறயா என்ன?

சார் போனை எடுத்து நெட் கம்பெனிக்கு அடிச்சாரு. தில்ஷாத்னு ஒரு பொண்ணு பேசுது. குரல்ல அவ்வளவு பொறுமை.

"சார், உங்க போன்ல வைஃபை வருதா?"

"வருது."

"அப்ப வீடு வரைக்கும் நெட் வந்துருச்சு சார். மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுலதான் ஏதோ கோளாறு. கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னாடி, ஒயர் சொருகுற இடத்துல, சின்ன லைட்டு எரியுதா?"

"எரியுது."

சார் எங்க இருக்காரு தெரியுமா? நாற்காலியில! குனியவே இல்ல!

சரின்னு அந்தப் பொண்ணு மோடத்தை அணைச்சுப் போடச் சொல்லுது. போட்டாரு... வரல. கம்ப்யூட்டரை அணைச்சுப் போடச் சொல்லுது. போட்டாரு... வரல. செட்டிங்ஸ்ல எதையோ மாத்தச் சொல்லுது. மாத்தினாரு... வரல. மணி பத்தே முக்கால். அந்தம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

"சார், அந்த லைட்டு..."

"அதான் எரியுதுன்னு சொல்றேன்லம்மா! நான் பிசிக்ஸ் வாத்தியார்!"

அந்தப் பொண்ணு மெதுவாக் கேக்குது... "சார், கோவிச்சுக்காதீங்க. பார்த்துட்டுச் சொல்றீங்களா... பார்க்காமச் சொல்றீங்களா?"

சார் மெல்ல எந்திரிச்சாரு. தரையில படுத்தாரு. போன் வெளிச்சத்தை அடிச்சுப் பாத்தாரு. லைட்டு எரியுதா? எரியல! ஒயர் பாதி வெளியில தொங்குது. அது முனையில இருக்குற பிளாஸ்டிக் கொக்கி உடைஞ்சு கெடக்கு. யாரு உடைச்சது? வியாழக்கிழமை மேஜையைச் சுவரோட சேத்துத் தள்ளினது யாரு? சாரேதான்!

உள்ள அழுத்தினாரு. லைட்டு மினுக் மினுக்னு எரியுது. "வந்துருச்சுங்க!"ன்னு மேல இருந்து சத்தம். கையை எடுத்தாரு... போயிருச்சு. அழுத்தினா வருது. விட்டா போகுது. கொக்கி இல்லையே, எப்படி நிக்கும்? மணி பத்து ஐம்பத்தெட்டு.

என்ன செஞ்சாரு தெரியுமா? "நீ ஆரம்பிம்மா. நான் பிடிச்சுக்கிடுதேன்"ன்னு மேஜைக்கு அடியிலயே படுத்துட்டாரு! நாப்பது நிமிஷம்! ஊரே "சார், சார்"ங்குற மனுஷன், தலையில ஒட்டடையோட, மூக்குல தும்மலை அடக்கிக்கிட்டு, ஒயரைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்காரு! (சிரிங்க, சிரிங்க... அவரே சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு.)

ஆனா அடியில கெடந்தவருக்குக் காது கேட்டுச்சே! தீக்காயத்தோட வர்ற பிள்ளைக்கு முதல்ல என்ன செய்யணும், அழுற தாய்கிட்ட எப்படிப் பேசணும்... அந்தம்மா தண்ணி மாதிரி பாடம் நடத்துறாங்க. கேள்வி கேட்ட பெரிய டாக்டரே, "ரொம்ப நல்லா சொன்னீங்க"ங்கிறார்.

வேலை கெடைச்சதா? கெடைச்சது! ரெண்டு வாரத்துல ஆர்டர் வந்துருச்சு.

அருமைநாயகம் சார் என்கிட்ட சொன்னாரு: "போதகரய்யா, இத்தனை வருஷமா யாராவது 'வீட்டுல எப்படி இருக்காங்க'ன்னு கேட்டா, 'அவளுக்கென்ன, நல்லா இருக்கா'ன்னு டக்குனு சொல்லிருவேன். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அதையும் நான் நாற்காலியில உக்காந்தே சொல்லியிருக்கேன்."

அன்பானவங்களே, இப்ப உங்ககிட்ட வர்றேன். உங்க மகன் ரெண்டு நாளா யார்கூடயும் பேசல. "அவன் எப்பவும் அப்படித்தான்"ங்கிறோம். அவன் ரூமுக்குள்ள போனோமா? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாசமா கோயிலுக்கு வரல. "வெளியூர் போயிருப்பாரு"ங்கிறோம். கதவைத் தட்டினோமா? பதில் சொல்றது சுலபம். எந்திரிச்சுப் போறதுதான் கஷ்டம். முட்டி வலிக்கும், சட்டை அழுக்காகும், நம்ம தப்பும் அங்க தெரியவரும்.

பரவாயில்ல. இன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போங்க. யாராவது ஒருத்தர் பக்கத்துல போய் உக்காந்து, அவங்க முகத்தைப் பாருங்க. பாத்துட்டு, அப்புறமா "எப்படி இருக்கே?"ன்னு கேளுங்க. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு எந்திரிக்காதீங்க.